ஒத்திகைக்கு வந்த வீல்சேர்

கேள்வி: தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். நாடகக் குழுவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு 40 நிமிட நாடகம் ஒன்றை மாணவர்களே எழுதியிருக்கிறார்கள். பேருந்து விபத்தில் கால்கள் செயலிழந்த பரதநாட்டியக் கலைஞர் ஒருவர் வீல்சேரில் முடங்குகிறார். கடைசிக் காட்சியில் சலங்கை ஒலி கேட்டு எழுந்து ஆடுகிறார். நடுவில் ஒரு பாட்டு வருகிறது. அவருடைய துயரத்தைக் காட்ட ஆறு மாணவர்கள் ஊன்றுகட்டைகளைச் சுழற்றி ஆடுகிறார்கள். வீல்சேரைத் தெரிந்த மருத்துவமனை ஒன்றிலிருந்து வாங்கி வந்தோம். முழங்கைக் கட்டைகளோடு நடக்கும் எங்கள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கீழே அமர்ந்து ஒத்திகை பார்த்தாள். 'மேடம், அடி ரப்பர் கழண்டா வழுக்கும், பாத்துக்கச் சொல்லுங்க' என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவேயில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். 'கிழவன் வேஷத்துக்குத் தடி வைக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். வெளிநாட்டுப் பாடகிகளே வீல்சேரில் மேடைக்கு வந்திருக்கிறார்கள்' என்கிறார்கள் மற்றவர்கள். மாற்றுத்திறனாளிகளின் கருவிகளை மேடைப் பொருளாக வைக்கலாமா, கூடாதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் பிறவியிலேயே கால் வலுவில்லாதவர்களுக்கும் அளவெடுத்து வீல்சேர் பொருத்துவதும், அதில் வாழப் பழக்குவதும் 22 ஆண்டுகளாக என் வேலை. அதனால் உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்தது அந்த மாணவி சொன்ன ஒற்றை வரியைத்தான்.

கட்டையின் நுனியில் இருக்கும் அந்த ரப்பர் புதிதாக இருக்கும்போது அடியில் வளையம் வளையமாக வரி ஓடும். தேயத் தேய அது வழவழப்பாகிவிடும். மழை நாளில் மொசைக் தரையில், கழிப்பறை வாசலில், பேருந்துப் படிக்கட்டில் ஆளை விழுத்தாட்டுவது அந்த வழவழப்புதான். கட்டையில் நடப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மாணவி மேடையில் பார்த்தது ஆறு பேர் கட்டைகளைச் சுழற்றி ஆடியதை. அந்த ஆறு பேரில் யாராவது விழுந்துவிடக்கூடும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியிருக்கிறது. அவள் மனம் புண்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனது ஒரு எச்சரிக்கை, அதுவும் அந்த அரங்கில் அவள் ஒருத்தியால் மட்டுமே சொல்லக்கூடிய எச்சரிக்கை. அதற்கு யாரும் பதில் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே வருகிறேன். நடிப்பவர் வீல்சேரையோ கட்டையையோ வெள்ளைக் கோலையோ மேடையில் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படித் தடை போட்டால் மேடையிலிருந்து மாற்றுத்திறனாளிகளே காணாமல் போவார்கள். ஆனால் உங்கள் நாடகம் இப்போதிருக்கும் வடிவத்தில் மேடையேறக் கூடாது. அதற்கு முக்கியக் காரணம் கடைசிக் காட்சி.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞனுக்கு வீல்சேர் எழுதிக் கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தண்டுவடம் முழுதாக அறுந்திருந்தது. அவன் அப்பா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், ஏழு மாதம் வரவில்லை. திரும்ப வந்தபோது பையனின் பிட்டத்தில் என் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், எலும்பு தெரிந்தது. ஏன் நாற்காலி வாங்கவில்லை என்று கேட்டேன். 'வாங்கிட்டா அவன் எந்திரிக்கவே மாட்டான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா' என்றார். கட்டிலிலேயே படுக்க வைத்துவிட்டு, என்றாவது ஒரு நாள் எழுவான் என்று காத்திருந்திருக்கிறார்கள். அந்த அப்பா கெட்டவர் அல்ல. உட்கார்ந்திருந்தால் தோல்வி, எழுந்தால் வெற்றி என்று வாழ்நாள் முழுக்கக் கதைகளில் பார்த்து வந்தவர். பாட்டு ஒலிக்கும், கண்ணீர் சொட்டும், கால்விரல் அசையும். இந்தக் காட்சியை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மாணவர்கள் எழுதியிருப்பதும் அதே காட்சிதான். அந்தக் கதையில் வீல்சேர் யாரையும் எங்கும் கொண்டுபோவதில்லை. கடைசியில் உதறிவிட்டு எழுவதற்காகவே முதலிலிருந்து அங்கே போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் அந்த நாற்காலி கிடைத்த பிறகுதான் என்னிடம் வருபவர்கள் வீட்டு வாசலைத் தாண்டுகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள், கடை வைக்கிறார்கள். ஒருவருக்கு வெளியுலகத்தைத் திறந்துவிடும் பொருளைச் சிறை என்று மேடையில் காட்டுகிறீர்கள். அந்தச் 'சிறை'யில் உட்கார்ந்திருப்பவர் யாராவது பார்வையாளர்களில் இருந்தால், அன்று இரவு வீட்டுக்கு எதை எடுத்துப் போவார்?

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். வீல்சேரில் வருகிற எல்லோராலும் நிற்க முடியாது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பத்தடி நடந்தால் களைத்துவிடும் என்பதால் வெளியே போகும்போது மட்டும் வீல்சேர் எடுப்பவர்கள் ஏராளம். ரயில் நிலையத்தில் அவர்கள் ஒரு கணம் எழுந்து பையை எடுத்தால் போதும், 'நல்லாத்தானே இருக்காங்க, நடிக்கிறாங்க' என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். எழுந்து நிற்பதை அற்புதம் என்றோ மோசடி என்றோ மட்டும் காட்டிப் பழக்கிய கதைகள்தான் அந்தக் குரலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவை.

கதையைப் படித்ததும் எனக்கு நடனக் கலைஞர் சுதா சந்திரன் நினைவு வந்தது. உங்கள் மாணவர்களுக்கும் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1981இல் தமிழ்நாட்டில் பேருந்து விபத்து, அழுகிப்போன காயம், வலது காலை வெட்டி எடுத்தார்கள். 1984இல் மறுபடி மேடையேறி ஆடினார். அந்த மூன்று ஆண்டுகள் உங்கள் நாடகத்தில் இல்லை. சலங்கை ஒலி கேட்டு அவருக்குக் கால் முளைக்கவில்லை. ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலைப் பொருத்தி, வலி தாங்கி, அடவுகளை முதலிலிருந்து பழகினார். ஜெய்ப்பூர் காலைப் பற்றி உங்கள் மாணவர்கள் விசாரிக்கட்டும். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் ஷூ போட்டு நடப்பவருக்காகச் செய்யப்பட்டவை. இதுவோ வெறுங்காலோடு நடக்க, குந்தி உட்கார, சம்மணம் போட ஏற்றது. பரதம் ஆடுவது வெறுங்காலில்தானே! சுதா சந்திரனின் கதையை 1985இல் தெலுங்கில் 'மயூரி' என்று படமாக எடுத்தபோது அவரே நடித்தார். செயற்கைக் கால் அந்தப் படத்தில் மறைக்க வேண்டிய பொருளாகவோ கழற்றி எறியும் பொருளாகவோ இருந்திருக்க முடியாது, அவர் ஆடியதே அதை ஊன்றித்தான்.

நாற்காலியிலிருந்து எழாத நாயகி வேண்டுமென்றால் வேலூரில் ஒருவர் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையத்துக்கு அவர்தான் அடித்தளம். என்னைப் போன்றவர்கள் பார்க்கும் வேலையே அந்த வழியில் வந்ததுதான். இந்தக் கதையில் எழுந்து நிற்கும் காட்சி கிடையாது. நாடகத்துக்கு வேண்டிய மற்றதெல்லாம் இருக்கிறது.

இனி உங்கள் மாணவர்களின் வாதம். கிழவன் வேஷத்துத் தடி என்பது நல்ல கேள்விதான், தட்டிவிடக் கூடாது. பள்ளி விழாக்களில் சின்னப் பெண்ணுக்கு நரைமுடி ஒட்டி, கையில் கோல் கொடுத்து ஔவையாராக நிறுத்துகிறோம். யாரும் புண்படுவதில்லை. ஏன்? அந்தக் கோல் ஔவையை ஊர் ஊராக நடத்திக்கொண்டு போகிறது. கோலைத் தாண்டி அவருக்குப் பாட்டு இருக்கிறது, அரசனோடு வாதாடும் துணிவு இருக்கிறது. மூப்பு எல்லோர் வீட்டிலும் இருப்பதால் கோலைப் பார்த்து யாரும் தவறாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. இதே மேடையில் ராமாயணத்துக் கூனி வரும்போது பாருங்கள். அவளுக்கென்று ஒரு பெயர்கூட மேடையில் கேட்காது, முதுகுதான் பெயர். முதுகு வளைந்தால் மனமும் வளைந்திருக்கும் என்று குழந்தைகள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வது அங்கேதான். ஒரே தடிதான். ஔவை கையில் அது வேலை செய்கிறது, கூனி கையில் குறி காட்டுகிறது. உங்கள் பாட்டில் வரும் ஆறு ஜோடிக் கட்டைகளும் துயரத்துக்குக் குறியாகத்தான் வருகின்றன. உங்கள் மாணவியைக் காலையில் வகுப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதே கட்டைதான். அதை எப்படி அவளால் துயரம் என்று பார்க்க முடியும்?

வெளிநாட்டுப் பாடகிகள் என்று சொன்னது லேடி காகாவை என்று ஊகிக்கிறேன். 2011 ஜூலையில் சிட்னி நிகழ்ச்சியில் கடற்கன்னி வேடமிட்டு வீல்சேரில் மேடைக்கு வந்தார். அதற்கு 30 ஆண்டுகள் முன்பே அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் இதே வேடத்தை நகைச்சுவையாகச் செய்தவர். காகாவுக்கு மாற்றுத்திறனாளிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. 2015 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் ஒரு பத்திரிகையின் படப்பிடிப்புக்குத் தங்க நிற வீல்சேரில் பொம்மைபோல் அமர்ந்தார். அப்போதும் அதே கேள்விதான் எழுந்தது. நாங்கள் வீல்சேரில் போனால் அனுதாபம், உங்களுக்கு அதே நாற்காலி அலங்காரமா? ஆகவே வெளிநாட்டிலும் இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது சரியல்ல. காகா பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 2013இல் அவருக்கே இடுப்பு மூட்டில் காயம் ஏற்பட்டது. சுற்றுப்பயணத்தின் மிச்சத்தை ரத்து செய்துவிட்டு, சிகிச்சைக்குப் பின் சில காலம் நிஜமாகவே வீல்சேரில் இருந்தார். இதைத் தண்டனை என்று சொல்லிக் காட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது, யாருக்கும் அந்த வலி வேண்டாம். எந்த உடலும் எந்த நாளும் இந்த நாற்காலிக்கு வரலாம் என்பதை மட்டும் உங்கள் மாணவர்கள் யோசிக்கட்டும்.

கருவியைக் கும்பிடச் சொல்லவில்லை நான். கட்டையை வைத்து ஆடக் கூடாதா என்றால், தாராளமாக ஆடலாம். கட்டையோடு வாழ்பவர் ஆடும்போது அது எவ்வளவு பெரிய கலை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் நடனக் கலைஞர் கிளேர் கன்னிங்ஹாம் தன் ஊன்றுகோல்களைக்கொண்டே நடனம் அமைக்கிறார். எடையை எந்தக் கையில் எப்போது மாற்றுவது என்று வருடக்கணக்காக அவர் உடல் கற்றுக்கொண்டதுதான் அந்த நடனத்தின் இலக்கணம். லண்டனில் 1991இல் தொடங்கிய கேண்டோகோ நடனக் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள். உங்கள் ஆறு மாணவர்களுக்கும் அந்த இலக்கணம் தெரியாது. அவர்கள் கையில் கட்டை வெறும் குச்சி. அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

நாயகி வேடம் போடும் மாணவி தொடரட்டும். ஆனால் அவள் பழக வேண்டும். வீணை வாசிப்பவராக நடிக்கிறவர் விரல் வைக்கக் கற்றுக்கொள்வதில்லையா? முதலில் நாற்காலி. மருத்துவமனை வார்டில் இருப்பது நோயாளியைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவதற்கானது, அகலமாகவும் கனமாகவும் இருக்கும். அதிலேயே வாழ்பவரின் நாற்காலி அவர் இடுப்பளவுக்கு ஏற்ப, பக்கத்துக்கு விரலகலம் இடம் விட்டுச் செய்தது. சென்னை ஐஐடி ஆராய்ச்சியிலிருந்து வந்த நியோஃப்ளை போன்ற நாற்காலிகள் ஆளுக்கு ஏற்றபடி அளவு வைத்துச் செய்யப்படுபவை. இந்த வேறுபாட்டைப் பார்வையாளர் கவனிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பிரேக் போடாமல், கால்பலகையை மடக்காமல் அதன்மேல் மிதித்து எழுந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழும். ஒத்திகையிலேயே நடிகர்கள் மூக்கு உடைய விழுவது இப்படித்தான். உடலில் உணர்வில்லாதவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார மாட்டார்கள். அடிக்கடி இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கி இறக்குவார்கள், புண் வராமல் இருக்க. எந்த வசனமும் இல்லாமல் அந்த ஒரு அசைவு அவள் வாழ்க்கையைச் சொல்லிவிடும். இதையெல்லாம் தெரிந்து எழுதியிருந்தால் உங்கள் மாணவர்களுக்குச் சலங்கை அற்புதமே தேவைப்பட்டிருக்காது.

மற்றக் கருவிகளிலும் பிழைகள் சகஜம். ஒரு கால் வலிக்கிறவர் தடியை எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிப்பார். நாடகங்களில் பாதிப்பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். அக்குள் கட்டை வைத்திருப்பவர் உடல் பாரத்தை உள்ளங்கையில்தான் தாங்க வேண்டும், அக்குளில் தொங்கினால் நரம்பு பாதிக்கும். வெள்ளைக் கோல் ஊன்றுவதற்கானதே கிடையாது, தரையைத் தேடுவதற்கானது. இடது கால் முன்னே போகும்போது கோல் நுனி வலப்பக்கம் தொடும், அடுத்த அடி வைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ள.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. உங்கள் நாடகம் அதில் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு இந்திப் படம் தொடர்பாக மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பை உங்கள் குழு கட்டாயம் படிக்க வேண்டும். மாற்றுத்திறனாளியின் வாழ்விலிருந்து பிறக்கும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. அவர்களைச் சித்தரிக்கும்போது அவர்களையும் கலந்து பேசுங்கள் என்றும் சொல்கிறது.

கலந்து பேசுவது என்றதும் உடனே அந்த மாணவியைக் கூப்பிட்டு, 'நீயே நாயகியாக நடி' என்றோ 'எங்களுக்குச் சரிபார்த்துக் கொடு' என்றோ கேட்டுவிடாதீர்கள். அவள் உங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்தவள். தன் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் வகுப்பெடுப்பது அவள் கடமையாகிவிடக் கூடாது. முதலில் அவள் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். ரப்பர்களைப் பார்த்தோம், அந்தப் பாட்டை எடுத்துவிட்டோம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு குழுவில் சேர விருப்பமா என்று கேளுங்கள். நடிக்கவோ எழுதவோ விளக்கு பார்க்கவோ எதற்காகவும் வரலாம் என்று. அவள் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள்.

அவள் 'சரி' என்றால் என்ன ஆகும்? உங்கள் கடிதத்தில் அவள் கீழே அமர்ந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி மேடைகள் பெரும்பாலும் மூன்றடி உயரம், பக்கத்தில் ஐந்தாறு படிகள். கைப்பிடியும் இருக்காது. மேலே ஒரு வெறும் வீல்சேரை நான்கு பேர் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். வீல்சேரில் ஒரு மாணவர் நிஜமாகவே வந்தால் அவருக்கு வழியில்லை. சாய்தளம் கட்டுவதென்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. மூன்றடிக்கு 36 அடி. ஆண்டு விழாவுக்குள் நிர்வாகம் அதைக் கட்டித் தராது. அதனால் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். தெருக்கூத்து தரையில்தானே நடக்கிறது? அரங்கின் நடுவில் இடம் ஒதுக்கி, மூன்று பக்கமும் பார்வையாளர்களை உட்கார வையுங்கள். சக்கரம் ஓடும், கட்டை ஊன்றும், பின்வரிசைக்காரரும் முகம் பார்ப்பார். சாய்தளத்துக்கான மனுவை நாடகக் குழுவின் பெயரிலேயே இப்போதே கொடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டுக்கு உதவும்.

கடைசிக் காட்சியை என்ன செய்வது என்பதை உங்கள் மாணவர்கள்தான் எழுத வேண்டும். நான் எழுத்தாளர் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாமென்றால், அவள் நாற்காலியில் இருந்தபடியே ஆடட்டும். முத்திரை, கண், கழுத்து, அபிநயம் எல்லாம் இடுப்புக்கு மேலேதான் இருக்கின்றன. சக்கரத்தை இழுத்து விடும் கை ஜதிக்கு ஏற்றபடி இழுக்க முடியுமா என்று ஒத்திகையில் செய்து பாருங்கள். முடியும், நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வீல்சேரை மருத்துவமனையிலிருந்து வாங்கி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வார்டுகளில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நீங்கள் ஒத்திகை பார்க்கும் நேரத்தில் எக்ஸ்ரேவுக்கோ கழிப்பறைக்கோ போக வேண்டிய ஒருவர் கட்டிலில் காத்துக்கொண்டிருக்கலாம். வாடகைக்குத் தரும் மருத்துவக் கருவிக் கடைகள் பல நகரங்களில் உண்டு, அங்கிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை நாளைக் காலையே திருப்பி அனுப்பிவிடுங்கள்.